நான்கு நாள் நடைக்கு முந்தைய நாட்கள்

பெருவில் இன்கா பாதையில் நான்கு நாள் நடக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கூடவே மூன்று கேள்விகளும் வரும். செலவு எவ்வளவு ஆகும், எந்தக் காலணி வாங்கலாம், தினமும் எவ்வளவு தூரம் நடந்து பழக வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தப் பாதையை நடந்து முடித்து, காலம் கடந்த பின் அதை மனத்துக்குள் திரும்பவும் நடந்து பார்க்கும்போது, இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. நடை தொடங்குவதற்கு முன்னால் எத்தனை நாள் அந்த மலைநாட்டில் சும்மா இருக்கப் போகிறீர்கள்? பணத்தையும் உடலையும் பொருட்களையும் கவனமாகக் கணக்கிடும் நாம், இந்த நாட்களைக் கடைசியில்தான் கணக்கிடுகிறோம். விடுப்பு போதவில்லை என்றால் முதலில் வெட்டுவதும் இவற்றைத்தான். இன்கா பாதைப் பயணத் திட்டத்தின் உயிர் இந்த நாட்களில் இருக்கிறது என்பது என் கட்சி. மலையின் உயரமும், பாதை கட்டப்பட்டிருக்கும் விதமும், நம் மூட்டைகளைச் சுமந்து வருபவர்களின் நிலையும் எனக்குச் சாட்சிகள்.

தூரத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பாதை யாரையும் பயமுறுத்தாது. குஸ்கோவிலிருந்து மாச்சு பிச்சு அடிவாரத்துக்குப் போகும் ரயில் தடத்தின் 82ஆவது கிலோமீட்டரில், உருபாம்பா ஆற்றைக் கடந்து நடை தொடங்குகிறது. அங்கிருந்து மாச்சு பிச்சு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பலர் இதைவிட அதிகம் நடக்கிறார்கள். ஆனால் தொடங்கும் இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நம் மாநிலத்தின் உச்சிக்கும் மேலே நின்றுகொண்டு முதல் அடி எடுத்து வைக்கிறோம். முதல் இரவு வைல்யபாம்பா பக்கம், சுமார் 3,000 மீட்டரில். இரண்டாம் நாள் ஒரே மூச்சாக 1,200 மீட்டர் ஏறி, 4,215 மீட்டரில் இருக்கும் வார்மிவன்யுஸ்கா கணவாயைத் தாண்டி, மறுபுறம் இறங்கி 3,600 மீட்டரில் பக்காய்மாயு பள்ளத்தாக்கில் படுக்கிறோம். மூன்றாம் நாள் மறுபடி ஏறி, 4,000 மீட்டரை நெருங்கும் ருங்குரகாய் கணவாயையும் மூன்றாவது கணவாய் ஒன்றையும் கடந்து, பிறகு ஆயிரம் மீட்டர் அளவுக்குக் கல்படிகளில் இறங்குகிறோம். நான்காம் நாள் 2,430 மீட்டரில் மாச்சு பிச்சு. வெள்ளியங்கிரி ஏறி இறங்கிக் காலைப் பழக்கலாம். முழங்காலுக்கு அது மிக நல்ல பயிற்சி. ஆனால் மெல்லிய காற்றில் வாழ உடலைப் பழக்குவதற்கு நம் ஊரில் இடமே இல்லை. அதை அங்கே போய், அங்கேயே தங்கித்தான் செய்தாக வேண்டும்.

குஸ்கோ 3,400 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. வார்மிவன்யுஸ்காவில் ஐந்தில் மூன்று பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில் குறைகிறது. உடனே உடல் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அப்படி வாங்குவதால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகங்கள் சரிசெய்ய வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இதனால்தான் மலை மருத்துவம் ஓர் எளிய விதியைச் சொல்கிறது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடு. சென்னையிலிருந்து கிளம்பி, கடலோரத்தில் இருக்கும் லிமாவில் இறங்கி, ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் குஸ்கோ சேருகிறவர் அந்த விதியை ஒரே தாவலில் மீறிவிடுகிறார். நம் நாட்டுக்கும் பெருவுக்கும் உள்ள பத்தரை மணி நேர வித்தியாசத்தில் தூக்கமும் கலைந்திருக்கும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு நாளில் வருவது இயல்பு. அவற்றோடேயே மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. பக்காய்மாயுவில் படுத்திருக்கும் ஒருவருக்கோ, பாதையில் முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் ஒரு கணவாயை ஏறியாக வேண்டும். வண்டி வரும் சாலை அங்கே கிடையாது.

இளைஞர்களுக்கும் தினமும் ஓடுகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தாது என்று ஒரு மறுப்பு உண்டு. உண்மை இதற்கு நேர் எதிரானது. நல்ல உடற்பயிற்சி உயர நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. மாறாக, உடல்வலு உள்ளவர் முதல் நாளே வேகமாக ஏறிவிடுகிறார். அந்த வேகமே அவரைப் படுக்கவைக்கிறது. மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. அசிட்டசோலமைடு பயனுள்ள மருந்துதான். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அது விரைவுபடுத்துகிறது. மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது நாட்களின் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டுமே தவிர, நாட்களுக்கு மாற்றாகாது. குஸ்கோவில் பல விடுதிகளில் கொடுக்கும் கோகா இலைத் தேநீரும் அப்படித்தான். குடித்தால் இதமாக இருக்கிறது, உடலின் வேலையை அது செய்துவிடுவதில்லை. இன்கா அரசின் அஞ்சலோட்டக்காரர்களான சாஸ்கிகள் இதே மலைகளில் ஓடினார்களே என்று கேட்பவர்களும் உண்டு. ஓடியது செய்திதான். ஒவ்வொரு ஓட்டக்காரரும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடி, காத்திருக்கும் அடுத்தவரிடம் அதை ஒப்படைத்தார். தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்தில் பிறந்து வளர்ந்த உடல்கள் அவை. அவர்களே தூரத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்பது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

அந்த நாட்களை எங்கே கழிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் நேராக உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவதே நல்லது என்பேன். உருபாம்பா ஊரும் ஓயந்தாய்தாம்போவும் 2,800 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. குஸ்கோவைவிட அறுநூறு மீட்டர் அளவுக்குக் கீழே. அங்கே இரண்டு மூன்று இரவு தூங்கி, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்வந்து, பிறகு குஸ்கோவுக்கு ஏறி இரண்டு இரவு தங்கினால் உடல் மலைக்கு ஓரளவு இணங்கிவிடும். வேலை கெட்ட நாட்கள் என்று இவற்றை நினைப்பவர்கள் ஓயந்தாய்தாம்போவைப் பார்க்க வேண்டும். இன்காக்கள் வகுத்த தெருக்களில், அவர்கள் கட்டிய சுவர்களுக்குள், மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் அது. மேலே மலைச்சரிவில் ஆறு பெரும் கற்பலகைகளை நிறுத்திக் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்ட கோயில் இருக்கிறது. கற்களை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மலையில் வெட்டி எடுத்து, பள்ளத்தாக்கில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்தப் பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். வந்து சேராத கற்கள் வழியிலேயே கிடக்கின்றன. சக்கர வண்டியும் குதிரையும் இரும்பும் இல்லாத ஒரு சமூகம் மலையோடு எப்படி வேலை செய்தது என்பதை அந்தக் கிடக்கும் கற்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பீசாக்கின் படிக்கட்டு வயல்கள், மோராய் என்னுமிடத்தில் வட்டவட்டமாக இறங்கும் பாத்திகள், குஸ்கோவுக்கு மேலே சாக்சாய்வாமன் கோட்டையின் ராட்சதக் கற்சுவர் எல்லாம் இதே நாட்களில் பார்க்கக் கிடைப்பவை. இவற்றைப் பார்த்துக் கண் பழகிய பிறகு இன்கா பாதையில் நடப்பவருக்கு, காலடியில் இருக்கும் கல்லும் ஓரத்தில் ஓடும் வடிகாலும் பேசத் தொடங்கும். பார்க்காமல் போகிறவர் படிகளை எண்ணிக்கொண்டு போவார்.

பாதையும் இதையேதான் சொல்கிறது. இன்கா பேரரசின் சாலை வலையம் முழுவதும் சுமார் 30,000 கிலோமீட்டர். கபாக் ஞான் என்னும் அந்த வலையத்தை, கொலம்பியாவிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை ஆறு நாடுகளுக்கும் பொதுவான உலகப் பாரம்பரியச் சின்னமாக 2014இல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்தச் சாலைகளில் தாம்போ எனப்படும் தங்குமிடங்களைப் பொதுவாக ஒரு நாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாகக் கட்டினார்கள். மாச்சு பிச்சுவுக்குப் போகும் இந்த 43 கிலோமீட்டரில் நிலைமை வேறு. பட்டல்யாக்தா, ருங்குரகாய், சாயக்மார்க்கா, புயுபட்டமார்க்கா, இந்திபட்டா, வின்யாய் வைனா என்று வரிசையாகக் கட்டடத் தொகுதிகள் வருகின்றன. கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று மிக அருகில். சிலவற்றில் கல்லில் செதுக்கிய நீர்த்தாரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. சாயக்மார்க்கா மூன்று பக்கமும் பாறைச் சரிவு சூழ்ந்த முனையில் நிற்கிறது. சாமான் கொண்டுபோக மட்டும் ஒரு வழி வேண்டுமென்றால், இன்று ரயில் போகிறதே, அந்த ஆற்றோரமே போதும். மூன்று கணவாய்களில் ஏறி இறங்கி, இத்தனை நிறுத்தங்களோடு வளைந்து செல்லும் இந்த வழியைச் சடங்குப் பயணத்துக்காக அமைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த முடிவை ஏற்காதவர்கூட ஒன்றை மறுக்க முடியாது: நின்று நின்று போகச் சொல்லும் வழி இது. அதை ஓடிக் கடப்பதற்காகத் திட்டமிடுவது, கட்டியவர்களின் கணக்குக்கு எதிரான திட்டம். ஐந்து நாளாகப் பிரித்து நடத்திச் செல்லும் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பது மேல்.

கடைசி நாளின் அவசரத்தை எண்ணினால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வின்யாய் வைனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சோதனைச் சாவடி விடியும் நேரத்தில்தான் திறக்கும். அதற்கு முன்பே இருட்டில் எழுந்து வரிசையில் நின்று, திறந்ததும் இந்தி புங்கு என்னும் சூரிய வாசலுக்கு எல்லாரும் விரைகிறார்கள். மாச்சு பிச்சுவின்மேல் முதல் வெயில் விழுவதைக் காணும் ஆசை அது. பல நாட்களில் அங்கே மூட்டம் போட்டிருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் விலகும். அந்த ஓட்டத்தில், பாதையிலேயே மிக அழகான வின்யாய் வைனாவின் படிவயல்களை முந்தின நாள் மாலை களைப்பில் அரைகுறையாகப் பார்த்ததோடு சரி. ரயிலில் போனாலும் அதே மாச்சு பிச்சுதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரானது: ஆம், அதேதான், நடக்க மனமில்லாதவர் ரயிலில் போவதில் எந்தக் குறையும் இல்லை. மலைமேல் இருக்கும் ஊரைப் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால் அதுவே சரியான வழி. நடக்கிறவர் நடப்பது பாதைக்காக. அப்படியென்றால் பாதைக்கு நேரம் கொடுக்க வேண்டும். மாச்சு பிச்சுவை மறுநாள் தனி அனுமதிச் சீட்டோடு, குளித்துத் தூங்கியெழுந்த உடம்போடு நிதானமாகப் பார்க்கும்படி ஒரு நாளைச் சேர்த்துக்கொள்வது வீண்செலவு ஆகாது.

சாமானியமான ஏற்பாடுகளும் காலத்தையே கேட்கின்றன. இன்கா பாதையில் நினைத்த அன்று போய் நடக்க முடியாது. உரிமம் பெற்ற ஏற்பாட்டாளர் வழியாக, வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் நுழைய முடியாது. சுமையாளிகளும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம் என்பதால், பயணிகளுக்குக் கிடைப்பது 200 அளவுதான். மே முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்களுக்கு இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடியிருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. 2010 ஜனவரியில் பெய்த பெருமழை ரயில் தடத்தையே அரித்துச் சென்று, ஆயிரக்கணக்கான பயணிகளை மலையடிவாரத்தில் சிக்கவைத்தது. ஏப்ரல் தொடக்கம் வரை மாச்சு பிச்சு திறக்கவில்லை. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஓரிரு நாள் இடைவெளி விடாத திட்டம் எந்தப் பருவத்திலும் ஆபத்தானது. வறண்ட மாதங்களில் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். நல்ல உறக்கப் பையும் கம்பளித் தொப்பியும் அதற்குப் போதும். அவற்றைக் குஸ்கோவிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

என் கடைசிச் சாட்சி சுமையாளிகள். அன்றாடம் பாதையில் நுழையும் 500 பேரில் பாதிக்கு மேல் அங்கே வேலை செய்பவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கெச்சுவா பேசும் மலைக்கிராமத்து உழவர்கள். கூடாரம், அடுப்பு, எரிவாயு உருளை, அரிசி, காய்கறி, நம் துணிமூட்டை எல்லாம் அவர்கள் முதுகில்தான் போகின்றன. காலையில் நாம் கிளம்பிய பிறகு கூடாரங்களைப் பிரித்துக் கட்டி, நம்மை முந்திக்கொண்டு ஓடி, நாம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த இடத்தில் சமைத்து வைத்திருக்கிறார்கள். 2001இல் பெரு அரசு சுமையாளிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் சுமக்கும் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. சாவடியில் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். சட்டம் இருப்பதாலேயே எல்லா இடத்திலும் கூலியும் படுக்கையும் சாப்பாடும் ஒழுங்காகிவிடவில்லை. விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று நாம் மகிழும் இடத்தில், அந்தக் குறைவு யார் வயிற்றிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் முன்பதிவு செய்கிறவருக்கு இதைக் கேட்க நேரம் இருப்பதில்லை. கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறவரால் நாலு ஏற்பாட்டாளர்களிடம் விசாரிக்க முடியும். சுமையாளிக்கு நாள் கூலி எவ்வளவு, எதன்மேல் படுக்கிறார், காலில் என்ன போட்டிருக்கிறார், விபத்துக் காப்பீடு உண்டா என்றெல்லாம் கேட்டுத் தெளிவான பதில் சொல்கிறவரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இப்படி மனிதர் முதுகில் சுமையேற்றி நடப்பதே சரியா என்று மனசாட்சியோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் மூட்டையை நானே சுமக்கிறேன் என்றாலும், கூடாரமும் உணவும் யாராவது ஒருவர் சுமந்துதான் வரவேண்டும். வேண்டாம் என்று ஒதுங்கினால், வயலில் கிடைப்பதோடு இந்தக் கூலியையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு வருமானம் போகும். செய்ய வேண்டியது, அந்த உழைப்புக்கு உரிய விலையைக் கொடுப்பதும், சுமையைக் குறைப்பதும், அவர்களை அவசரப்படுத்தாமல் இருப்பதும். பொதுவாக ஒரு பயணிக்கு ஏழு கிலோ வரை சுமையாளியிடம் கொடுக்கலாம் என்பார்கள். ஐந்தில் முடித்துக்கொள்வது கடினம் அல்ல. உயரத்துக்குப் பழகாமல் வந்து இரண்டாம் நாள் மயங்கி விழுகிறவரைத் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறுகிறவர்களும் இவர்கள்தான். நாம் குஸ்கோவில் மிச்சம்பிடித்த இரண்டு நாளின் சுமையை அப்போது அவர்கள் ஏற்கிறார்கள். முந்தைய நாட்களைச் சொகுசு என்று நான் எண்ணாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசி மறுப்பு மிக நியாயமானது: இவ்வளவு நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கிறது? நம் ஊரிலிருந்து போய்வரவே மூன்று நான்கு நாள் ஆகிவிடும். மேலே சொன்னபடி எல்லாம் சேர்த்தால் இரண்டரை வாரம் பக்கம் வரும். அதற்கு நான் சொல்லக்கூடியது, நாட்கள் குறைவாக இருந்தால் நடையைச் சுருக்குங்கள், தயாராகும் நாட்களைச் சுருக்காதீர்கள். ரயில் தடத்தின் 104ஆவது கிலோமீட்டரில் இறங்கி, வின்யாய் வைனா வழியாகச் சூரிய வாசலுக்கு ஒரே நாளில் நடந்துவிடும் குறும்பாதை ஒன்று இருக்கிறது. உயரமான கணவாய்கள் அதில் இல்லை. வின்யாய் வைனாவின் நல்ல கல்வேலை இருக்கிறது. அனுமதி கிடைக்காதவர்களிடம் சால்கன்டாய் வழியைப் பரிந்துரைப்பார்கள். பனிமலையின் தோளை ஒட்டிப் போகும் அழகான வழிதான். ஆனால் அதன் கணவாய் 4,600 மீட்டரைத் தாண்டுவது. நாட்கள் போதாதவருக்கு அது மாற்று ஆகாது, இன்னும் கடுமையான சோதனை. இந்த ஆண்டு ஒன்பது பத்து நாள் விடுப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், குறும்பாதைக்குச் சீட்டு எடுங்கள். இல்லையேல் நாட்கள் சேரும் ஆண்டுவரை பொறுத்திருங்கள். அதுவரை வெள்ளியங்கிரிக்குப் போய் முழங்காலைப் பழக்கிக்கொள்ளலாம்.